தொடுதிரையைத் தொடுவது யார்?

அரசுப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்பது ஒரு செய்தி. காலனிப் பிள்ளையின் கை அந்தக் கம்ப்யூட்டர் மேல் பட்டது என்பது வேறொரு செய்தி. முதல் செய்தி அமைச்சர் ரிப்பன் வெட்டும் படத்தோடு எல்லாப் பத்திரிகைகளிலும் வருகிறது. இரண்டாவது செய்தி வருவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பூட்டு தொங்குகிறது, அதன் சாவி தலைமையாசிரியரின் பீரோவில் இருக்கிறது.

தோழர்களே, நம் கூட்டங்களில் நாம் கட்டடம் கேட்கிறோம், கருவி கேட்கிறோம், நிதி கேட்கிறோம். கேட்க வேண்டியவைதான். ஆனால் வந்த கருவியை யார் பூட்டுகிறார், யாருக்காகத் திறக்கிறார், எந்தப் பிள்ளையை முதலில் உட்கார வைக்கிறார் என்று கேட்பதில்லை. அதை 'நிர்வாக விஷயம்' என்று விட்டுவிடுகிறோம். நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை அரசியலே அந்த நிர்வாக விஷயத்துக்குள்தான் நடக்கிறது என்பது என் வாதம்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்தது. உயர்நிலைப் பள்ளிக்கு 10 கம்ப்யூட்டர், மேல்நிலைப் பள்ளிக்கு 20. பிறகு தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளுக்கான திட்டம். ஏறத்தாழ 80,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட். 2023ல் 'மணற்கேணி' செயலி. பல மாநிலங்கள் கனவிலும் காணாத பட்டியல் இது. இதற்காகப் போராடியவர்களும் வரிப்பணம் கொடுத்தவர்களும் நாம்தான், ஆகவே பெருமைப்பட நமக்கும் உரிமை உண்டு.

வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக் கம்ப்யூட்டர் மூன்றாவதோ நான்காவதோ கம்ப்யூட்டர். 2017-18ல் தேசிய மாதிரி ஆய்வு எடுத்த கணக்குப்படி இந்தியக் கிராமங்களில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் 4.4 சதவீதம். அதில் சேரியின் பங்கு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, 2021 ஆகஸ்டில், ஜான் திரேஸ் உள்ளிட்டோர் 15 மாநிலங்கள், ஒன்றியப் பிரதேசங்களில் சுமார் 1,400 பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். கிராமப்புற தலித், ஆதிவாசிப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 4 சதவீதம். மற்ற கிராமப்புறப் பிள்ளைகளில் 15 சதவீதம். ஆக, பள்ளி லேப் பூட்டிக்கிடந்தால் ஊர்த்தெருப் பையனுக்கு ஒரு பீரியட் போகிறது. காலனிப் பையனுக்குக் கம்ப்யூட்டரே போய்விடுகிறது.

இந்த இடத்தில் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தை நம் நடுத்தர வர்க்கம் எவ்வளவு கேலி செய்தது! "சினிமா பார்க்கத்தான் லாயக்கு", "அடகுக் கடைக்குப் போகும்" என்றெல்லாம். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர்களுக்கு வந்த அந்த லேப்டாப்தான் நம்மில் எத்தனையோ வீடுகளின் முதல் கம்ப்யூட்டர். இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் சிலர் அதில்தான் முதன்முதலாகத் தமிழில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அந்தத் திட்டத்தில் குறைகள் இருந்தன. ஆனால் அதில் இருந்த ஒரு நல்ல விஷயத்தை யாரும் பேசவில்லை. அது மாணவரின் சொந்தப் பொருள். தலைமையாசிரியரின் வேலை கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பதோடு முடிந்தது. அதைத் திறக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஹைடெக் லேப் அப்படியல்ல. அது பள்ளியின் பொருள். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள். ஒரு மவுஸ் காணாமல் போனாலும் ஆடிட்டில் தலைமையாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அது எப்போது திறக்கும், யாருக்குத் திறக்கும் என்பது முழுக்க ஒரு மனிதரின் மனதைப் பொறுத்ததாகிவிடுகிறது. அந்த மனிதர் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு சாதியில் பிறந்தவர்.

தலைமையாசிரியருக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவது மிகை என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. ரொனால்ட் ஆண்டர்சன், சாரா டெக்ஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2005ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சுட்டப்படுவது. அந்நாட்டின் 800க்கும் மேற்பட்ட பள்ளிகளின் தரவுகளை வைத்து அவர்கள் வந்த முடிவு இதுதான்: வகுப்பறையில் தொழில்நுட்பம் புழங்குமா என்பதில், எத்தனை கருவிகள் வந்திறங்கின என்பதைவிடப் பள்ளித் தலைமை எப்படி நடந்துகொள்கிறது என்பதே அதிகம் பேசுகிறது. தனி நிதி ஒதுக்குகிறாரா, ஆசிரியர்களைக் கொண்டு குழு அமைக்கிறாரா, தானே அந்தக் கருவியைப் பயன்படுத்துகிறாரா என்பது போன்ற விஷயங்களைத்தான் அவர்கள் அளந்தார்கள்.

அந்த அளவுகோல்கள் நமக்குப் போதாது. அமெரிக்காவிலிருந்தே அதற்குச் சான்று தரலாம். 1998ல் ஹரால்ட் வெங்லின்ஸ்கி, எட்டாம் வகுப்புக் கணிதத்தில் கம்ப்யூட்டரை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தார். கறுப்பினப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும் பயிற்சி. சிந்தித்து உருவாக்கும் வேலை வெள்ளைப் பிள்ளைகளுக்கே கூடுதலாகப் போனது. அதாவது 'கருவி கிடைத்ததா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்த பிறகும் பாகுபாடு வேறொரு அறைக்குள் உட்கார்ந்திருந்தது. நம் ஹைடெக் லேப்களில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். சரியான விடையைக் 'கிளிக்' செய்யும் தேர்வு, காணொலி பார்த்தல், மறுபடியும் தேர்வு. புரோகிராம் எழுதிப் பார்த்த பிள்ளை எத்தனை? தன் ஊரின் குடிதண்ணீர்க் கணக்கை ஒரு அட்டவணையில் ஏற்றிப் பார்த்த பிள்ளை எத்தனை?

அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கரும்பலகையில் கணக்குப் போட ஆசிரியர் அவரை அழைத்தார். சாதி இந்துப் பிள்ளைகள் பதறியடித்து ஓடினார்கள். கரும்பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. அவற்றை நகர்த்திய பிறகுதான் பீமாராவால் கரும்பலகையைத் தொட முடிந்தது. அந்தக் காலத்துக்குக் கரும்பலகைதான் வகுப்பறைத் தொழில்நுட்பம். ஆசிரியர் அழைத்தார் என்பதையும் கவனியுங்கள். அழைக்காத ஆசிரியராக இருந்திருந்தால் டப்பாக்கள் அவற்றின் இடத்திலேயே இருந்திருக்கும், எல்லாம் அமைதியாக இருந்திருக்கும், வரலாற்றில் பதிவும் ஆகியிருக்காது. நம் பள்ளிகளில் இன்று நிலவும் அமைதி பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

சில ஆண்டுகளுக்கு முன் வட மாவட்டம் ஒன்றில் ஓர் அரசுப் பள்ளிக்கு இரண்டு கல்லூரி மாணவர்களோடு போயிருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். லேப் திறந்து காட்டப்பட்டது. ஒவ்வொரு மானிட்டர் மேலும் பிளாஸ்டிக் உறை, உறையின் மேல் தூசி. தரை மட்டும் பளிச்சென்று இருந்தது. "பிள்ளைங்க தொடறதில்லையா சார்?" என்று கேட்டேன். தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதுங்க கையில குடுத்தா ஒரே வாரத்துல காயலான் கடைக்குத்தான் போகும்." அரை மணி நேரம் பேசினார். தன் மகனைப் பற்றிச் சொன்னபோது 'பையன்', 'அவன்'. ஊர்த்தெருப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது 'பசங்க'. காலனியிலிருந்து வரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அதுங்க'. அவர் கோபமாகப் பேசவில்லை, சாதிப் பெயர் ஒன்றையும் உச்சரிக்கவில்லை. எங்களுக்கு டீ வாங்கித் தந்தார். லேப் தரையைக் கூட்டியது யார் என்று வெளியே வந்து பிள்ளைகளிடம் கேட்டோம். பதிலை நான் எழுதத் தேவையில்லை.

சாதி இங்கே சட்டம் போட்டு வேலை செய்வதில்லை. 'எஸ்.சி. பிள்ளைகள் லேப்புக்கு வரக்கூடாது' என்று எந்தத் தலைமையாசிரியரும் சுற்றறிக்கை விடுவதில்லை. அவர் செய்வதெல்லாம் சின்னச் சின்ன ஏற்பாடுகள். முதல் பேட்ச்சில் 'நல்லா படிக்கிறவங்க'. ஆங்கில வழிப் பிரிவுக்கு வாரம் இரண்டு பீரியட், தமிழ் வழிப் பிரிவுக்கு நேரம் கிடைத்தால். தமிழ் வழிப் பிரிவில் யார் பிள்ளைகள் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் போன பள்ளிகளில் எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் என்றால் மவுஸ் யார் கையில், எட்டிப் பார்ப்பது யார் என்பதை வகுப்புத் தலைவன் முடிவு செய்வான். வகுப்புத் தலைவனை முடிவு செய்வது யார்? ஸ்மார்ட் போர்டில் எழுத யாரை அழைப்பது? தொடுதிரை என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். தீண்டாமையை ஆயிரம் ஆண்டுகளாகப் பழகிய ஒரு சமூகத்தில் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

"முதலில் கழிப்பறையைச் சரிசெய்யுங்கள், கம்ப்யூட்டர் அப்புறம்" என்று நம் தோழர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். இரண்டும் தனித்தனி விஷயம் என்று நினைப்பதால் வரும் பேச்சு அது. 2022ல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் தலைமையாசிரியர், தலித் மாணவர்களைக் கழிப்பறை சுத்தம் செய்ய வைத்ததாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். கழிப்பறைக்கு யாரை அனுப்புவது என்று முடிவெடுக்கும் நாற்காலியும் லேப்புக்கு யாரை அனுப்புவது என்று முடிவெடுக்கும் நாற்காலியும் ஒன்றே. துடைப்பத்துக்கு இயல்பாக நினைவுக்கு வரும் பிள்ளை, கீபோர்டுக்கு நினைவுக்கு வராது.

தலைமையாசிரியர் தரப்பு நியாயத்தையும் பேசிவிட வேண்டும், இல்லையென்றால் சங்கக்காரர்கள் நாளைக்கே வந்துவிடுவார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. எமிஸ் தளத்தில் தினமும் ஏற்ற வேண்டிய விவரங்கள் ஏராளம். வருகைப் பதிவு, காலை உணவு, உடல்நலம், தேர்வு மதிப்பெண், எல்லாமே கைபேசியில். பல பள்ளிகளில் நிரந்தரத் தலைமையாசிரியரே இல்லை, 'பொறுப்பு' என்ற பெயரில் பாடமும் நடத்திக்கொண்டு நிர்வாகமும் பார்க்கும் ஓர் ஆசிரியர்தான். அரசு பள்ளிக்குள் கொண்டுவந்த தொழில்நுட்பத்தில் பெரும்பகுதி மேலே கணக்கு அனுப்புவதற்குத்தான் உழைக்கிறது, கீழே பிள்ளைக்குக் கற்றுத் தருவதற்கு அல்ல. பதிவேற்றம் தாமதமானால் தலைமையாசிரியருக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும். ஒரு வருடம் முழுக்க ஒரு தலித் மாணவி லேப்பில் உட்காரவே இல்லை என்பதற்காக எந்தத் தலைமையாசிரியருக்காவது விளக்கம் கேட்டு ஓலை வந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

ஆனால் அவர்கள் வாதத்தின் மறுபாதி எனக்கு உடன்பாடில்லை. அதே எமிஸ், அதே ஆடிட் பயம், அதே ஆள் பற்றாக்குறையோடுதான் இன்னொரு பள்ளியும் நடக்கிறது. நான் பார்த்த அப்படி ஒரு பள்ளியின் தலைமையாசிரியை செய்தது பெரிய புரட்சியெல்லாம் இல்லை. மதிய உணவு இடைவேளையில் லேப் திறந்திருக்கும் என்று எழுதி ஒட்டினார். லேப் பொறுப்பு வாரம் இரண்டு மாணவருக்கு, வருகைப் பதிவேட்டின் அகர வரிசைப்படி. மதிப்பெண்ணுக்கு அதில் இடமில்லை. உட்கார்ந்தவர் பெயர் ஒரு நோட்டில். மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்து, பெயர் வராத பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ரெண்டு மவுஸ் போச்சு, போகட்டும்" என்றார். அவ்வளவுதான். அந்த நோட்டில் காலனிப் பெண்பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருந்ததைப் பார்த்தபோது, 'உடைச்சிடுங்க' என்ற பேச்சு எத்தனை மலிவான பேச்சு என்று புரிந்தது. கேரளத்தில் 2018ல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' இதைவிடப் பெரிய அளவில் செய்வதும் இதைத்தான்: உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களையே தொழில்நுட்பக் குழுக்களாக்கிக் கருவிகளை அவர்கள் பொறுப்பில் புழங்க விடுவது. கேரளத்தில் சாதி இல்லை என்று நான் சொல்லவில்லை. கருவியைப் பூட்டி வைப்பது தவிர்க்க முடியாதது என்ற பேச்சு பொய் என்கிறேன்.

இங்கே ஒரு கண்ணியில் மாட்டிக்கொள்ளக்கூடாது. பத்திரிகைகள் இப்படிப்பட்ட தலைமையாசிரியர்களைத் தேடிப்பிடித்து 'சாதனை ஆசிரியர்' என்று ஒரு பக்கம் எழுதும். மேலே இருப்பவர்களும் 'தலைமைத்துவப் பயிற்சி' என்று இரண்டு நாள் வகுப்பு வைத்து, 'நீங்களும் இப்படி ஆகுங்கள்' என்பார்கள். நல்ல மனிதர் தலைமையாசிரியராக வந்தால் நம் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர், வராவிட்டால் துடைப்பம் என்பதற்குப் பெயர் தலைமைத்துவம் இல்லை, தர்மம். நமக்கு தர்மம் வேண்டாம். அந்தத் தலைமையாசிரியை தன் மனசாட்சிப்படி செய்ததை எல்லாத் தலைமையாசிரியர்களும், மனசாட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், செய்தே தீர வேண்டிய விதியாக்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. தொலைக்காட்சி விவாதங்கள் கையில் கட்டும் கயிற்றிலும் நெற்றிப் பொட்டிலும் முடிந்துபோயின. அதே அறிக்கையில், ஒரு பகுதியில் எந்தச் சாதி ஆதிக்கம் செலுத்துகிறதோ அந்தச் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ நியமிக்கக்கூடாது என்ற பரிந்துரை இருக்கிறது. நான் இவ்வளவு நேரம் பேசிய நாற்காலியைப் பற்றிய பரிந்துரை அது. கயிற்றுக்கு ஆன விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகவில்லை. மாணவர்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரத் தடை வேண்டும் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. அதற்கான காரணம் எனக்குப் புரிகிறது, எதிர்க்கவில்லை. ஆனால் கைபேசியை வாசலில் வாங்கி வைக்கும் பள்ளி, உள்ளே லேப்பைத் திறந்து வைக்கக் கடமைப்பட்டது. வாங்கி வைப்பதில் காட்டும் வேகத்தைத் திறந்துவிடுவதிலும் காட்டட்டும்.

ஆதிதிராவிடர் நலத்துறைப் பள்ளிகள் தனிக் கதை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் பதில் சொல்ல வேண்டியது கல்வித் துறைக்கு அல்ல. நலத்துறை அலுவலருக்கும் தனி வட்டாட்சியருக்கும். பட்டாவும் சாதிச் சான்றிதழும் பார்த்துப் பழகிய கண்கள் வகுப்பறைக்குள் வந்தால் கட்டட விரிசலைப் பார்க்கும், விடுதி அரிசிக் கணக்கைப் பார்க்கும். பாடம் எப்படி நடக்கிறது, ஸ்மார்ட் போர்டு ஏன் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது என்று கேட்க அவர்களுக்குப் பயிற்சியும் இல்லை, நேரமும் இல்லை. 2023-24 நிதிநிலை அறிக்கையில் இந்தப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக அறிவித்தார்கள், சந்துரு அறிக்கையும் அதைச் சொன்னது. நம்மிடையே இதில் இரண்டு கருத்து உண்டு. நிலமும் கட்டடமும் பணியிடமும் கைநழுவிப் போகும் என்ற அச்சம் வெறும் கற்பனையல்ல. எந்தத் துறை என்ற சண்டை நடக்கட்டும். அதுவரை அந்தப் பள்ளிகளின் கருவிகள் யாருக்காகத் திறக்கின்றன என்று பார்க்க ஒரு கல்வியாளராவது வேண்டாமா?

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிப் பேசுகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியின் குழுவில் காலனியிலிருந்து யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் ஓர் அக்கா இருப்பார். கூட்டத்துக்குக் கூப்பிட்டு, டீ கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பியிருப்பார்கள். அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த கூட்டத்தில் அவர் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான்: "லேப் நோட்டு எங்க சார்?"

நோட்டே இல்லை என்பார்கள். அப்படியானால் நோட்டு வைக்க வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானம் போடச் சொல்லுங்கள். தேதி, பீரியட், வகுப்புப் பிரிவு, உட்கார்ந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயர். தலைமையாசிரியர் மறுத்தால் பத்து ரூபாயில் தகவல் உரிமைச் சட்ட மனு. கடந்த கல்வியாண்டில் லேப் திறந்த நாட்கள், பிரிவு வாரியாகப் பயன்படுத்திய மணி நேரம், இருப்புப் பதிவேட்டின் நகல். முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். நகல் தர இழுத்தடித்தால் பதிவேடுகளை நேரில் பார்வையிடும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் கையில் வகுப்பு வருகைப் பதிவேட்டின் பெயர்ப் பட்டியல் இருக்கட்டும். லேப் நோட்டின் பெயர்களை அதோடு ஒத்துப் பார்த்து, ஒரு முறைகூட வராத பெயர்களைத் தனியே எழுதுங்கள். அந்தப் பெயர்களுக்குரிய வீடுகள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று குறித்துக்கொண்டு, ஜனவரி 26 கிராமசபைக்குப் போங்கள்.